இரவு முழுவதும் உறங்க எந்த ஹேமாக்: துணியா, வலையா, நைலானா?

பகலில் சற்று நேரம் சாய்ந்து கிடப்பதற்கு ஏறக்குறைய எந்த ஹேமாக்கும் (இரு முனைகளிலும் கட்டித் தொங்கவிடும் படுக்கை) போதும். இரவு முழுவதும் அதில் உறங்க வேண்டும் என்னும்போதுதான் தேர்வு கடினமாகிறது. கட்டிலுக்குப் பதிலாக ஒன்றை வாங்கத் தீர்மானித்தபோது நான் நான்கு வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்: இரு முனைகளிலும் மரச்சட்டம் பொருத்தியது, மெக்சிகோவின் யுகத்தான் பகுதிப் பாணியில் நூலால் பின்னிய வலை, பிரேசில் பாணியிலான தடித்த பருத்தித் துணி, முகாமிடுவோர் எடுத்துச் செல்லும் மெல்லிய நைலான். முடிவில் வாங்கியது பருத்தித் துணியை. ஆகையால் இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மரச்சட்ட வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சட்டம் படுக்கையை விரித்துப் பிடிப்பதால் உடல் துணிக்குள் அமிழாமல் மேலேயே நிற்கிறது. தூக்கத்தில் புரண்டால் கவிழ்த்துவிடும். தட்டையாக இருக்க வேண்டும் என்று அதை இழுத்துக் கட்டும்போது கொக்கிகளின் மீது விழும் சுமையும் கூடுகிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் படுப்பவரின் முழு எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்குகிறது. அதுவே 10 பாகையாகக் குறைந்தால், 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒவ்வொரு கொக்கியிலும் ஏறத்தாழ 200 கிலோ இழுவிசை விழும்.

மற்ற மூன்றும் சட்டமில்லாமல், முனைகள் ஒன்றுசேர்ந்து தொங்குபவை. இவற்றுக்குள் தேர்ந்தெடுக்க நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: முதுகு எவ்வளவு சமமாகக் கிடக்கிறது என்பது. நடுக்கோட்டில் நீளவாக்காகப் படுத்தால் எந்த ஹேமாக்கிலும் உடல் வில்லாக வளையும், தோள்கள் குறுகும், முழங்கால்கள் பின்புறமாக அழுந்தும். தலையை ஒரு பக்கமும் கால்களை எதிர்ப்பக்கமும் தள்ளி, நடுக்கோட்டுக்கு 20 முதல் 30 பாகை வரை குறுக்காகப் படுத்தால், துணி உடலுக்கு அடியில் விரிந்து கொடுத்து முதுகைப் பெருமளவு நேராக்கிவிடுகிறது. ஹேமாக் ஒத்துவரவில்லை என்று கைவிட்டவர்களிடம் கேட்டால், இறுக்கிக் கட்டியோ நேராகப் படுத்தோ முயன்றிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆனால் குறுக்காகப் படுப்பதற்கு இடம் வேண்டும். வகைகள் பிரிவது இங்கேதான். நைலான் வகையில் துணியின் முனையே கொத்தாகத் திரட்டிக் கட்டப்படுவதால், நடுவில் ஒரு விறைப்பான மேடு உருவாகிக் கெண்டைக்காலை உறுத்துகிறது. துணியின் நீளம் 3.3 மீட்டர் அளவுக்கு இருந்தால் இந்தத் தொல்லை குறையும். கடைகளில் பெரும்பாலும் காணப்படுபவையோ அதைவிடக் குட்டையானவை. முனைகளுக்கு இடையிலான நேர்த்தூரம் துணி நீளத்தில் சுமார் 83 சதவீதமாக இருக்குமாறு தளர்த்திக் கட்டுவது முகாமிடுவோரிடையே வழக்கமான கணக்கு, 3.3 மீட்டர் துணிக்கு அது 2.75 மீட்டர் ஆகும். பருத்தித் துணி வகையிலோ துணியின் ஓரத்திலிருந்து பல கயிறுகள் விசிறியாகப் பிரிந்து சென்று ஒரே வளையத்தில் சேர்வதால், கால் வைக்கும் இடத்திலும் துணி விரிந்தே இருக்கிறது. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: அட்டையில் அச்சிட்டிருக்கும் நீளம் பெரும்பாலும் கயிறுகளையும் சேர்த்தது. துணிப் பகுதி மட்டும் 2.4 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத அகலமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இருவருக்கானது’ என்று விற்கப்படும் அளவுதான் ஒருவர் நிம்மதியாக உறங்க ஏற்றது.

இதே அளவுகோலின்படி வலை ஹேமாக்குக்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு, அவர்கள் சொல்வது தவறும் இல்லை. மெல்லிய நூலில் நெருக்கமாகப் பின்னிய நல்ல வலை எல்லாத் திசையிலும் விரிந்து உடலின் வடிவத்தை அப்படியே ஏற்கிறது. வெக்கையான இரவுகளில் காற்றோட்டத்தில் அதற்கு இணையில்லை. நண்பர் வீட்டில் படுத்துப் பார்த்ததோடு என் அனுபவம் நின்றுவிடுவதால், ஆண்டுக்கணக்கில் அது எப்படி உழைக்கும் என்று உறுதி கூற இயலாது. சட்டைப் பொத்தானும் மோதிரமும் நூலில் சிக்குவதும், துவைக்குமுன் முனைகளைக் கட்டி வைக்காவிட்டால் முழு வலையும் சிடுக்காகிவிடுவதும் என்னைத் தயங்க வைத்தன.

பராமரிப்பில் நைலானுக்கே வெற்றி: எடை குறைவு, உலர்வதும் விரைவு. எனினும் நீண்ட நாள் வெயிலில் தொங்கினால் அது வலுவிழக்கும். பருத்தி கனமானது, மழையில் நனைந்தால் மெதுவாகத்தான் உலரும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கூரைக்கு அடியிலேயே தொங்கும் படுக்கைக்கு இவை பெரிய குறைகளாக எனக்குத் தோன்றவில்லை.

குளிர் விஷயத்தில் எல்லா வகையும் ஒன்றுதான். அடியில் காற்று ஓடுவதால் முதுகு சில்லிடும். உடலுக்கு அடியில் நசுங்கிய போர்வை வெப்பத்தைப் பிடித்து வைக்காது என்பதால், முகாமிடுவோர் ஹேமாக்குக்கு வெளியே, அதன் அடிப்புறத்தில் தனியாக ஒரு மெத்தைப் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். கடுங்குளிரில் நான் இதில் படுத்ததில்லை. மிதமான குளிருக்குப் பருத்தித் துணியின் மேல் மெல்லிய நுரை விரிப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் அகலமான துணி ஓரளவு இடம் கொடுக்கும். குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் கட்டிலை விற்றுவிட வேண்டாம்.