மெக்கானிக்கல் வால்வா, திசு வால்வா?

இதய வால்வை மாற்ற வேண்டும் என்றதும் அம்பாசமுத்திரம் பக்கம் வரும் முதல் கேள்வி, "எது அண்ணாச்சி ரொம்ப நாள் உழைக்கும்?" என்பதுதான். உலோகம், கார்பன் போன்றவற்றில் செய்யப்படும் மெக்கானிக்கல் வால்வுதான் உழைக்கும். நமக்குப் பக்கத்திலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிலையம் உருவாக்கிய சித்ரா வால்வும் இந்த வகையே; 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகிறது.

ஆனால் அதில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் விடாமல் செய்ய வேண்டும். மாத்திரையின் வேலை குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தக்கசிவு. வயலில் அரிவாள் பிடிப்பவர் இதை யோசிக்கணும். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை விட வேண்டாம், ஒரு வாரம் அள்ளித் தின்று மறுவாரம் நிறுத்துவதுதான் வம்பு. பல்வலி மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்யப்படுவது திசு வால்வு. பலருக்குச் சில மாதங்களில் வார்ஃபரின் நின்றுவிடும். சுமார் 10 முதல் 15 ஆண்டுகளில் தேயும், இளவயதில் இன்னும் சீக்கிரம்.

அதனால் பொதுவாக 50 வயதுக்குக் கீழே மெக்கானிக்கல், 65-க்கு மேலே திசு. இடைப்பட்டவர்களுக்கு என் கேள்வி ஒன்றே: ரத்தப் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறத் தவறாமல் முடியுமா? முடியாதென்றால் திசு வால்வே மேல். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.