எட்டு வருடக் காட்டுச்சாலை: காரைக்குடியிலிருந்து சொந்தக் காரில்

காரைக்குடியில் ஏற்ற இறக்கம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். இங்கே ஓட்டிப் பழகிய எனக்கு மலைச்சாலை பிடிபட மூன்று பயணமும் ஒரு செட் பிரேக் பேடும் ஆயின. 2017 முதல், கொரோனா காலம் தவிர, வருடத்துக்கு இரண்டு தடவை டீசல் காரில் காட்டுப்பக்கம் கிளம்பிவிடுகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் ஒத்துழைத்தால் ஆயாவும்.

திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழனி வழியாகப் பொள்ளாச்சி. பழனி வரைக்கும் இது நம் நகரத்தார் காவடி நடக்கிற பாதை. தைப்பூசத்தை ஒட்டிப் போனால் சாலையோரம் முழுக்க நடைக்காரர்கள். ஊர்ந்துதான் போக வேண்டும். நாங்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுகிறோம்.

முதல் பயணம் வால்பாறை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. இறங்கும்போதுதான் வினை. பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் வந்ததில், கீழே வருவதற்குள் கருகல் வாடை. சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அடுப்பு மாதிரி அனல். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க சார்" என்றார். டிரைவிங் ஸ்கூலில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ள, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுகிறேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாமல் ஏற மட்டும் விடுவது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் இஷ்டத்துக்குச் சொந்தக் காரில் சுற்ற முடியாது. நமக்குக் கிடைப்பது காட்டை ஊடறுத்துப் போகும் பொதுச்சாலையும், வாசல் வரைக்குமான வழியும்தான். உள்ளே வனத்துறை வண்டி. இது தெரியாமல் போனால் ஏமாற்றம். தெரிந்து போனால் அந்தச் சாலையே போதும். பந்திப்பூர், முதுமலைச் சாலையில் முப்பது, நாற்பதுக்கு மேல் அழுத்தாமல் போய்ப் பாருங்கள். சாலையோரத்திலேயே புள்ளிமான் நிற்கும். வண்டியை நிறுத்தி இறங்கினால் மட்டும் அபராதம். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை கேட்டும் அடைப்பு. மைசூரில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து நேரம் போக்கிவிட்டு, ஒரு தடவை 9.10க்குப் போய் நின்றோம். குண்டுலுப்பேட்டையில் கிடைத்த லாட்ஜில் மூட்டைப்பூச்சியோடு விடிந்தது. தப்பு என்னுடையதுதான். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவும் அப்படித்தான்: வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது டாப்ஸ்லிப், பரம்பிக்குளம். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் காரில் போகச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக நம் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். வெட்டிய மரங்களை அந்தக் காலத்தில் மேலிருந்து சரித்து விட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப் என்ற பெயர். எங்கள் வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள் இருக்கின்றன. விசேஷம் வந்தால் எண்ணெய் போட்டுத் துடைப்போம். ஆனால் தேக்கை இலையோடு நான் முதலில் பார்த்தது டாப்ஸ்லிப்பில்தான். இலை முறம் அகலம், தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. காய்ந்து விழும்போது யாரோ நடந்து வருகிற மாதிரி சத்தம். உள்ளே பரம்பிக்குளத்தில் கன்னிமரா தேக்கு என்ற ஒற்றை மரம், சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். ஆயா அதன்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாருடா எண்ணெ போடுறா?" என்று கேட்டார்.

சில்லறைக் குறிப்புகள். சமவெளியில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிற என் கார் மலையில் 13தான் தருகிறது. ஊட்டிக்குப் போவதானால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம், ஆழியாறு குரங்கு அருவிப் பக்கம் கண்ணாடியை இறக்காதீர்கள். ஒரு டப்பா சீப்புச்சீடை அங்கே போனது. அத்தனையையும் தின்று முடித்துவிட்டு, டப்பாவை மட்டும் எங்கள் பானெட்டில் வைத்துவிட்டுப் போனது அந்தக் குரங்கு.