மூன்றாவது சனிக்கிழமை, மாலை 4 மணி: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஆஸ்பத்திரிக்கான ரிவ்யூ இல்லை, டாக்டருக்கானதும் இல்லை. கோயம்புத்தூரில் நான் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட தனியார் ஆஸ்பத்திரியில், மாதாமாதம் மூன்றாவது சனிக்கிழமை, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கான ரிவ்யூ. ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன், அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

என் கணக்கு இதுதான். உயரம் 157 செ.மீ., ஆபரேஷன் அன்று எடை 118 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 48-க்குப் பக்கம். சர்க்கரை உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவும் இருந்ததால் ராத்திரி முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு மெஷினோடு படுப்பேன். எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பதினொரு மாதம் ஆகிறது, இப்போது 81 கிலோ.

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கூட்டத்துக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இஷ்டமே இல்லை. வீட்டில் வேறு அம்மா தினமும் அழுதுகொண்டிருந்தார். 2024 ஏப்ரலில் சென்னையில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் இறந்துபோன செய்தியை போனில் எடுத்து வைத்துக்கொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுவார். சரி, போய் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். ஹாலில் எல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் இது: ஒரு அறைக்குள் நுழைந்ததும் நாம் முதலில் பார்ப்பது ஆட்களை இல்லை, நாற்காலியை. உள்ளே இடுப்பு போகுமா, போனால் எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வருமா. வழக்கம்போல போன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு சுவரோரம் நின்றேன். பல்லடத்திலிருந்து வரும் ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அம்மிணி, போன்ல யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும், இங்க வா, இந்த பெஞ்சு நாங்க சண்ட போட்டு வாங்குனது" என்றார். போய் உட்கார்ந்தேன். காலை ஊன்றிப் பாதி எடையைத் தாங்கிக்கொள்ளாமல் ஒரு பொது இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். என் வரையில் முதல் நட்சத்திரம் அந்தப் பெஞ்சுக்கு.

டாக்டர் சொல்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அது என்ன என்பதோடு நின்றுவிடும், எப்படி என்பது வராது. ஒரு நாளைக்கு 60-லிருந்து 80 கிராம் புரோட்டீன் எடுக்க வேண்டும் என்றார். இரண்டு இட்லி தின்றால் இரைப்பையில் இடம் காலி, புரோட்டீன் 4 கிராம் தேறினால் பெரிய விஷயம். டயட்டீஷியன் கொடுத்த தாளில் பிராக்கோலி சூப் என்று போட்டிருந்தது, எங்கள் வீட்டில் யாரும் பிராக்கோலியை நேரில் பார்த்ததுகூட இல்லை. பெஞ்சில் கேட்டேன், ஆளாளுக்குச் சொன்னார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு வடிகட்டிய பருப்புத் தண்ணி, நீர்மோர், காரமும் புளியும் இல்லாத நாட்டுக்கோழிச் சாறு. தயிரை வெள்ளை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் இறங்கி கெட்டியாகும், மசித்த உணவு ஆரம்பிக்கும்போது அது கைகொடுக்கும். அப்புறம் முட்டையை அடித்து இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைப்பது, அது பூப்போல இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடு, இல்லையென்றால் ஒன்றை ஒன்று உள்ளே விடாது என்று சொன்னவர் ஒரு ஆட்டோ டிரைவர்.

இதிலெல்லாம் பெரிய விஷயம் பாலாடை. ஆபரேஷன் முடிந்த புதிதில் மருந்து மூடியில் 30 மில்லி தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, கால் மணி நேரம் வைத்துக் குடி என்றார்கள். நாற்பது வருஷமாகச் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்த ஆளுக்கு அது நடக்கிற காரியமா? ஒரு வாய் கூடுதலாகப் போனாலும் நெஞ்சுக்குழியில் கல் விழுந்த மாதிரி அடைத்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியே திரும்பி மேலே வரும். பல்லடத்து அக்கா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார், கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் பாலாடையை எடுத்தார், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவோமே, அதே மூக்கு வைத்த பாலாடை. "இதுல நீ எவ்வளவு ஆசப்பட்டாலும் ஒரு மடக்குக்கு மேல வராது." நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன், தையல் வலித்தது. ஆறு வாரம் அதில்தான் குடித்தேன். ஒரு கையால் ஏந்திப் பிடித்து, மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால், நூல் மாதிரி இறங்கும். என் எட்டு வயதுப் பையன், "அம்மா, நீ பாப்பாவா?" என்று கேட்டான்.

அப்புறம் ஊரை எப்படிச் சமாளிப்பது என்கிற பாடம். இதை எந்த டாக்டரும் சொல்லித்தர மாட்டார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சொந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. "சோத்தக் கொறச்சா போதாதா, இதுக்கு மூணு லட்சம் கொடுத்து வயித்தக் கிழிக்கோணுமா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான். எடைக்குறைப்பு ஆபரேஷனில் பைபாஸ் என்றும் ஒரு வகை உண்டு, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது. அதைச் செய்துகொண்ட ஒருவர் 'பைபாஸ் பண்ணியிருக்கேன்' என்று மட்டும் சொல்ல, தெருவே ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்துவிட்டதாம். இன்னொருவர் பித்தப்பைக் கல் என்று பொய் சொல்லி வைத்திருந்தார். எடை வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரக்கூடும், அதற்கு ஆறு மாதம் மாத்திரையும் கொடுக்கிறார்கள், அவர் அதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். ஏழாவது மாதம் நிஜமாகவே கல்லுக்கு ஆபரேஷன். கல்யாணப் பந்திக்கு அக்கா சொன்ன வழி: "அல்சருன்னு சொல்லு, அல்சர யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." உண்மைதான், மூன்று பந்தியில் சோதித்துவிட்டேன். வாய் கேட்கும், வயிறு கேட்காது, அதுதான் கஷ்டம். பிரியாணி அண்டா திறக்கும்போது எழுந்து வெளியே வந்து அழுதிருக்கிறேன், அதை வெட்கமில்லாமல் சொல்ல எனக்கு அந்தப் பெஞ்சு தவிர வேறு இடம் கிடையாது.

ஆறாவது வாரம் எனக்கு வாந்தி ஆரம்பித்தது. நாலு நாள், தண்ணீர்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பருக்குக் கூப்பிட்டால், ஓபி திங்கட்கிழமைதான், அதுவரை மெதுவாகக் குடியுங்கள் என்றார்கள். கூட்டத்தில் பழக்கமான ஒருவரும் எல்லாருக்கும் இருப்பதுதான் என்றார், நானும் நம்பிப் படுத்துக்கொண்டேன். தற்செயலாகப் போன் செய்த அக்கா விஷயம் தெரிந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார். "நாலு நாளா? இப்பவே கெளம்பு. எமர்ஜென்சில பி1 ஊசின்னு கேளு, அதப் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்த விடாத." இதே மாதிரி வாந்தியெடுத்து, பி1 வைட்டமின் சத்து குறைந்து, கண் இரட்டையாகத் தெரிந்து, நடை தள்ளாடிப்போன ஒரு பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். போனேன், கேட்டேன், ட்யூட்டி டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சரி என்று போட்டார். ஸ்லீவ் குழாய் நடுவில் சுருங்கியிருந்தது, எண்டோஸ்கோப்பி வழியாக பலூன் விட்டு விரித்தார்கள். ஒரே கூட்டத்தில் ஒருவர் சும்மா இரு என்றார், இன்னொருவர் ஓடு என்றார், எனவே அங்கே கேட்பதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. தொடர் வாந்தி, காய்ச்சல், இதயம் படபடவென்று அடிப்பது, இடது தோளில் வலி, இதற்கெல்லாம் பெஞ்சு வேண்டாம், நேரே எமர்ஜென்சி.

ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்றால், புரோட்டீன் பவுடர். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி அரை மணி நேரம் ஒருவர் மேஜை போட்டு டப்பா விற்கிறார், 2,800 ரூபாய், சாக்லேட் வாசனையோடு சுண்ணாம்பு கரைத்த ருசி. முடி கொட்டுவதற்கென்று தனியாக ஒரு மாத்திரை டப்பா. எனக்கு நாலாவது மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பயந்து வாங்கியும்விட்டேன். ஒன்பதாவது மாதம் தானாகவே நின்று முளைக்க ஆரம்பித்தது, டப்பா அப்படியே அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று, திரையில் அன்றும் இன்றும் என்று படம் போடுகிறார்கள், கைதட்டல் வேறு. மூன்று நாலு வருஷத்தில் எடை திரும்ப ஏறியவர்கள் அதனாலேயே வராமல் நின்றுவிடுகிறார்கள். ஒருமுறை மட்டும் ஒருவர் வந்தார், ரிட்டயர்டு தபால்காரர், 15 கிலோ திரும்பிவிட்டது, மிக்சரும் ராத்திரி டிவியும்தான் காரணம் என்று எழுந்து நின்று சொன்னார். கைதட்டவில்லை யாரும். ஆனால் நான் போனதிலேயே நல்ல கூட்டம் அதுதான், இரண்டு மணி நேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, பவுடர்காரர் மேஜையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். மனநல ஆலோசகர் வருவார் என்று போர்டில் எழுதியிருக்கும், பதினொரு மாதத்தில் இரண்டு முறை பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: கட்டணம் கிடையாது, வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனவர்களையும் விடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் சந்தேகம் இருந்தால் பாலிசித் தாளைக் கையோடு கொண்டுபோங்கள், பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி சில நோய்கள், இந்தக் கணக்கை அங்கே கரைத்துக் குடித்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கூட்டிப்போங்கள், சமைக்கிறவர் யாரோ அவரைக் கட்டாயம். பாலாடை பெரிய கடை வீதியில் பாத்திரக் கடையில் கிடைக்கும், அக்கா கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது இப்போது உடுமலைப்பேட்டையில் ஒரு காலேஜ் பெண்ணிடம் இருக்கிறது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பெஞ்சுக்கு வாங்க. கை வைத்த நாற்காலியில் இப்போது தாராளமாக உட்காரலாம், ஒருமுறை உட்கார்ந்தும் பார்த்தேன், இரண்டு பக்கமும் இடம் இருந்தது. பத்து நிமிஷத்தில் எழுந்து பெஞ்சுக்கே வந்துவிட்டேன்.