குன்னூருக்கு மேசை ஏற்றுவது: காருக்குள்ளா, கூரை மேலா, குட்டி யானையா?

கோவையில் ஒரு தேக்கு மேசையும் புத்தக அலமாரியும் வாங்கினோம். இரண்டுமே முழுதாகப் பூட்டிய நிலையில் கிடைத்தவை. குன்னூர் வீட்டுக்குக் கொண்டுவர மூன்று வழி இருந்தது. காரின் பின் சீட்டை மடக்கி உள்ளே வைக்கலாம், கூரைக் கேரியரில் கட்டலாம், இல்லாவிட்டால் குட்டி யானை எனப்படும் சின்ன சரக்கு வண்டி பிடிக்கலாம். நான் காருக்குள்ளேயே ஏற்றி வந்தேன். சாமான் உள்ளே நுழையும் அளவில் இருந்தால் அடுத்த முறையும் அதைத்தான் செய்வேன்.

கழற்றிக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பார்கள். மேசைக்குப் பசை போட்டு இறுக்கிய மூட்டு, அதில் கை வைக்க முடியாது. அலமாரி பார்ட்டிக்கிள் போர்டு, மினிஃபிக்ஸ் என்ற கழற்றிப் பூட்டும் திருகு போட்டுப் பூட்டியது. அதைக் கழற்றிப் பூட்டினால் மரத்தூள் பலகையில் திருகின் பிடிப்பு குறையும். இரண்டு மூன்று தடவை கழற்றினால் மரை வழுக்கிவிடும். அதனால் அதை முழுசாகக் கொண்டுவருவதே மேல்.

வாடகை, நேரம், மழை இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. காரில் போனால் பெட்ரோலோடு முடிந்தது. குட்டி யானைக்கு ஏறவும் இறங்கவும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார்கள். வெளியூர்ப் பதிவு வண்டியாக இருந்தால், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வளைவுதான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கல்லாறு தாண்டியதும் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளி நெடுஞ்சாலையில் கூரை மேல் இருக்கும் சாமானுக்கு எதிரி காற்று. மலையில் வேகமே கிடையாது, காற்று பெரிய பிரச்சினை இல்லை. இங்கே எதிரி பக்கவாட்டு ஆட்டம். வண்டி இடப்பக்கம் திரும்பினால் சாமான் வலப்பக்கம் தள்ளும். அடுத்த வளைவில் அப்படியே எதிர்ப்பக்கம். இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் போதும், சாமான் நகர்ந்து போய் இடிக்கும், திரும்ப நகரும், மறுபடி இடிக்கும். கீறல் கண்ணுக்குத் தெரியும். மூட்டு தளர்வது அன்றைக்குத் தெரியாது. பிறகு மேசையில் கை ஊன்றும்போதுதான் ஆடும்.

இதனால் மேசையைக் காலூன்றி நிற்க வைத்து ஏற்றவே கூடாது. கனமெல்லாம் மேல் பலகையில் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கனம் சாய, நான்கு கால்களின் மூட்டும் நெம்பப்படும். தலைகீழாகக் கவிழ்த்தால் பலகை தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், கால்கள் மேல்நோக்கிச் சும்மா நிற்கும், மூட்டுக்குச் சுமையே கிடையாது. பெல்ட் போடும்போதும் காலைச் சுற்றி இழுக்காமல் பலகையின் குறுக்கே போட்டு இறுக்க வேண்டும். அடியில் ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். மேசை விளிம்புக்கும் காரின் சக்கர மேட்டுக்கும் நடுவே தலையணைகள். கையால் தள்ளிப் பார்த்தால் வண்டிதான் ஆட வேண்டும், மேசை ஆடக் கூடாது. அந்த அளவுக்கு இறுகினால் சரி.

அலமாரிக்குக் கதை வேறு. அதை விறைப்பாக நிறுத்துவது பின்னால் அடித்திருக்கும் மெல்லிய முதுகுப் பலகைதான். அது இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கங்களில் மெத்தையோ போர்வையோ திணித்தால் போதும். முதுகு இல்லாத திறந்த அலமாரி வளைவில் சாய்சதுரமாகக் கோணிக்கொள்ளும். கடை ஆசாரியிடம் சொல்லி, பின்புறம் மூலைக்கு மூலை ஒரு ரீப்பர் கட்டையைத் தற்காலிகமாகத் திருகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடலாம். தட்டுகள் தனியாக வருமானால் உருவிச் சேலையில் சுற்றிவிடுவது நல்லது. இழுப்பறையை டேப் போட்டு ஒட்டினால் பாலிஷ் உரிந்து வரும், துணிப்பட்டையால் கட்டுங்கள். புது பாலிஷ் முழுதாகக் காயாமல் எதைச் சுற்றினாலும் அதன் அச்சு விழும். அவசரப்படுத்தி டெலிவரி வாங்காதீர்கள்.

காருக்குள் ஏற்றுவதில் சங்கடம் இல்லாமல் இல்லை. கடைக்குப் போகும் முன் டேப்பால் அளக்க வேண்டியது உள்ளே இருக்கும் நீளத்தை மட்டுமல்ல, பின்கதவு வாயின் அகலத்தையும் உயரத்தையும். பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். பின்கதவைப் பாதி திறந்து கயிறு கட்டி ஓட்டும் பழக்கம் நம்மூரில் உண்டு. வேண்டவே வேண்டாம். புகைக்குழாயின் புகை உள்ளே இழுக்கும், ஏற்றத்தில் சாமான் பின்னால் சரியும். பிரேக் பிடித்தால் முன்னால் வரும் என்பதால், கனமான முனை முன் சீட்டின் முதுகில் ஒட்டி இருக்கட்டும். நடுக் கண்ணாடியில் பின்பக்கம் தெரியாது, பக்கக் கண்ணாடியை நம்பித்தான் ஏற வேண்டும். பின் சீட்டில் ஆள் உட்கார முடியாது. என் மனைவி பேருந்தில் வந்தார். எனக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டார்!

கூரைக் கேரியரில் நான் மலை ஏற்றியது மடக்கு நாற்காலிகள் மட்டும்தான். கனமான மேசையை ஏற்றிய அனுபவம் இல்லை. ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. என் காரின் கையேட்டில் கூரைக்குச் சொல்லியிருப்பது 50 கிலோ, கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. உச்சியில் கனம் ஏறினால் வளைவில் வண்டியே கூடுதலாகச் சாயும். மலைப்பாதையில் வரும் பர்லியாறு தாண்டினால் எப்போது மூடுபனி இறங்கும் என்று சொல்ல முடியாது. நைலான் கயிறு நனைந்தால் நீளும், முடிச்சு தளரும். தார்ப்பாய் படபடத்தால் பாலிஷைத் தேய்த்தே மங்க வைக்கும். பார்ட்டிக்கிள் போர்டு விளிம்பில் தண்ணீர் இறங்கினால் அப்பளம் மாதிரி உப்பிவிடும், பிறகு சரியாகாது. கைப்பிடியை அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் வாங்கிக் கட்டினால் கயிற்றுச் சிக்கல் தீரும், பனி தீராது.

குட்டி யானை நல்ல வண்டிதான். கட்டில், பீரோ, மூன்று பேர் சோபா என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். ஒரு மேசைக்காக அதைப் பிடிப்பதில்தான் எனக்குத் தயக்கம். முக்கால் டன் அளவு சுமக்கச் செய்த வண்டி. பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் கட்டியானவை. பாரம் குறைந்தால் குலுக்கல் கூடும், பள்ளத்துக்குப் பள்ளம் சாமான் எகிறும். பாதி வீட்டுச் சாமானாவது ஏற்றினால் அமைதியாக ஏறும். மலையிலிருந்து கேரட்டும் உருளையும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வண்டிகள் உண்டு. அவர்களிடம் பேசினால் வாடகை குறையும். தளத்தைக் கூட்டிவிட்டு ஜமக்காளம் விரிக்கச் சொல்லுங்கள், காய்கறி மண் உப்புத்தாள் போலத் தேய்க்கும். டிரைவர் அண்ணன் "நான் பார்த்துக்கறேன் சார்" என்றாலும், கட்டுப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் கை முதலில் போவது மேசைக் காலுக்குத்தான்.

எதில் வந்தாலும் பர்லியாற்றில் டீக்கு நிறுத்தும்போது பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். முதல் சில வளைவுகளிலேயே துணியும் தலையணையும் அமுங்கி இடைவெளி விட்டிருக்கும். வீட்டில் இறக்கும்போது இழுப்பறை இறுக்கமாக வந்தால் உடனே இழைப்புளி தேடாதீர்கள். சமவெளியில் காய்ந்த மரம் மலை ஈரத்தில் கொஞ்சம் ஊதும், காற்று காயும் மாதங்களில் தானே தளர்ந்து கொடுக்கும்.