வாடிவாசல் முன் இரண்டு ஜூம் லென்ஸ்கள்: சோனி 70-200, டாம்ரான் 70-180

சோனி கேமராவுடன் ஜல்லிக்கட்டைப் படமெடுக்கச் செல்பவர் முன், எஃப் 2.8 துளையளவு (ஒளி புகும் திறப்பின் அளவு) கொண்ட, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் இரண்டு டெலி ஜூம் லென்ஸ்கள் இருக்கின்றன: 2021இல் வெளிவந்த சோனி 70-200 ஜிஎம் 2, 2023இல் வந்த டாம்ரான் 70-180 ஜி2.

எடையில் டாம்ரானே மேல். அது 855 கிராம், சோனியோ முக்காலிப் பிடி இல்லாமலே 1,045 கிராம். விலையிலும் டாம்ரான் வெகுவாகக் குறைவு. ஆனால் ஜூம் செய்யும்போது அதன் குழாய் வெளியே நீள்வதால், புழுதி பறக்கும் களத்தில் காலை முதல் மாலை வரை நிற்பவருக்கு, ஈரத்தடுப்பு அமைப்பு இருந்தும், சற்றே கவலை எஞ்சுகிறது. சோனியின் ஜூம் முழுவதும் உள்ளுக்குள்ளேயே நிகழ்கிறது.

உண்மையான வேறுபாடு வேகத்தில்தான். காளை வாடிவாசலைத் தாண்டித் துள்ளும் கணத்தில், ஃபோகஸை நகர்த்தும் சோனியின் நான்கு லீனியர் மோட்டார்களும் கேமராவின் முழுத் தொடர்வேகத்துக்கும் (நொடிக்கு எத்தனை படம் என்ற அளவு) ஈடுகொடுக்கின்றன. பிற நிறுவன லென்ஸ்களைப் பொருத்தினால் சோனி கேமராக்கள் நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை. நொடிக்கு 120 படம் எடுக்கும் ஏ9 மூன்றாம் தலைமுறைக் கேமராவை வைத்திருப்பவருக்கு இது பெரிய இழப்பு. ஏ7 நான்காம் தலைமுறைக் கேமராக்காரருக்கு, அது 10 படங்களோடு நின்றுவிடுவதால், இழப்பே இல்லை.

மாடத்திலிருந்து எடுப்பவருக்கு 200 மி.மீ. குவியத் தூரம் (இது கூடக்கூடத் தொலைவு நெருங்கித் தெரியும்) போதாமல் போகலாம். சோனியில், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைப் பொருத்தி, எஃப் 4 துளையளவில் 280 மி.மீ. வரை எட்டலாம், பகல் வெயிலில் அந்த ஒளியிழப்பு பொருட்டல்ல. டாம்ரானில் அதற்கு வழியில்லை. மேடை நிகழ்ச்சிகளும் திருமணங்களுமே முதன்மைத் தொழில் என்றால் டாம்ரானையே வாங்கலாம்.