பாலிஷ் போட்டால் வாக்ஸ் போட்டதாகாது

கார் பெயின்ட் பராமரிப்புப் பொருள்களைப் பல வருடங்களாகப் பயன்படுத்திவருகிற அனுபவத்தில் சொல்வது: டப்பாவின் மேலிருக்கும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கிறதா, கீறலை மறைக்கிறதா, மேலே படிந்து காக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

தேய்த்து எடுப்பவை காம்பவுண்டும் பாலிஷும். இரண்டிலும் உராய்வுத் துகள் உண்டு. காம்பவுண்டு அதிகம் வெட்டும், பாலிஷ் குறைவாக வெட்டும். நிறத்துக்கு மேலிருக்கும் கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு பெரும்பாலான கார்களில் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போகும், திரும்ப வராது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் 'ரப்பிங் பாலிஷ்' சேர்த்துக்கொள்வது அதனால்தான் தவறு. பானெட் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் பாலிஷ் மெஷின் சற்று நின்றாலே அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும். முதலில் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பாலிஷ் பளபளப்பைத் தரும், பாதுகாப்பைத் தராது.

கிளேஸ், சில 'கிளீனர் வாக்ஸ்' வகைகள் எல்லாம் மறைப்பவை. எண்ணெயும் ஃபில்லரும் கீறலுக்குள் அடைத்துக்கொள்ளும். டெலிவரியன்று கண்ணாடி மாதிரி இருக்கும், சில வாஷுக்குப் பின் வட்டக் கீறல்கள் திரும்ப வரும். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் ஓரிடத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மறைத்திருந்தால் அங்கேயே தெரியும்.

மேலே படிபவற்றில்தான் குழப்பம் அதிகம். கார்னௌபா வாக்ஸ் பிரேசில் பனை இலையிலிருந்து வருவது; நம் வெயிலில் நிற்கும் வண்டியில் சில வாரமே தாங்கும். செயற்கை பாலிமர் சீலன்ட் சில மாதம் நிற்கும். 'டெஃப்லான் கோட்டிங்' என்று விற்பதையும் சீலன்ட் கணக்கில்தான் வைக்க வேண்டும். டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. உருகுவதே 327 டிகிரி செல்சியஸில்; நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சூளையில் வைத்து இறுக்குகிறார்கள், கார் பாடியை அப்படிச் சுட முடியாது.

செராமிக் கோட்டிங் உண்மையிலேயே நீடிக்கும். ஆனால் அதன் விளம்பரத்தில் வரும் '9ஹெச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனையின் அளவு, வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோல் அல்ல. கல் தெறித்தால் செராமிக்கும் பெயர்ந்துவிடும். போர்வெல் தண்ணீர் துளியாய் நின்று காய்ந்தால் உப்புக் கறையும் படியும். கழுவியவுடன் துடைத்துவிடுவது ஒன்றே வழி.

வரிசை மாறக் கூடாது: வாஷ், களிமண் பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் களிமண் கட்டி), தேவையிருந்தால் மட்டும் பாலிஷ், ஆல்கஹால் துடைப்பு, கோட்டிங். களிமண் பார் கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள். ஒட்டிய மண் பெயின்ட்டைக் கிழிக்கும். வாக்ஸ் மேல் செராமிக் பிடிக்காது. கோட்டிங்குக்கு முந்தைய வாஷில் 'வாஷ் அண்ட் வாக்ஸ்' ஷாம்பூவைத் தவிர்க்கச் சொல்வதும் அதனால்தான்.