டிஸ்னி ரிசார்ட்டில் ரீஃபில் மக்கா, வீட்டு பாட்டிலா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் அக்கா குடும்பம் மே விடுமுறைக்கு ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்புகிறது. "நாலு பேருக்கும் ரீஃபில் மக் வாங்கிடலாமா, எவர்சில்வர் பாட்டிலே போதுமா?" என்று கேட்டாள்.

ஒரு மக் 20 டாலருக்குக் கொஞ்சம் மேல். ஒருமுறை வாங்கினால் தங்கும் நாட்கள் முழுக்க கோக், காபி, டீ, சூடான சாக்லேட் என்று நாமே பிடித்துக்கொள்ளலாம். அடியில் ஒரு சிப் உண்டு, தங்கும் நாட்கள் முடிந்ததும் மெஷின் ஊற்றாது. ஆனால் பலரும் கவனிக்காத விஷயம், தீம் பார்க்குக்குள் இதை நிரப்ப முடியாது. ரிசார்ட் ஹோட்டலில் இருக்கும்போதுதான் பயன். காலையில் பார்க்குக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்களுக்கு மக் அறையிலேயே கிடக்கும். தனியாக வாங்கும் சோடா நாலைந்து டாலர் என்று வைத்தால், ஐந்து தடவையாவது நிரப்பினால்தான் போட்ட காசு வரும்.

பாட்டிலுக்குச் செலவே இல்லை. பார்க்கில் குளிர்பானம் விற்கும் சாப்பாட்டுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம், அதை பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். அந்த ஊர் வெயிலுக்குப் பிள்ளைகளுக்குத் தேவை தண்ணீர்தான், சர்க்கரை இல்லை.

சரி, மாமாவுக்கு மட்டும் ஒரு மக் வாங்கச் சொன்னேன். விடிந்ததும் ஒன்று, நீச்சல் குளத்தருகே ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று காபி குடிப்பவர். இரண்டே நாளில் அவருக்குக் கணக்கு நேராகிவிடும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பாட்டில்தான்.